ஒரு நூல் திருக்கு

இஸ்திரிப் பெட்டியின் அடியில் மஞ்சளாக ஒன்று ஒட்டியிருக்கிறது. கத்தியால் சுரண்டினால் பெட்டி கீறிவிடும். பழைய துணியில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். பாப்பாவின் பள்ளிக்கூடச் சட்டைகள் இன்னும் தேய்க்காமல் கிடக்கின்றன. இந்த மஞ்சள் போகாமல் வெள்ளைச் சட்டை மேல் பெட்டியை வைக்க முடியாது.

இது விமானத்தின் தோல். விமானம் என்றால் ஆள் ஏறிப் போவதில்லை. ரிமோட்டில் பறக்க விடுவது. எஞ்சின் கிடையாது. பஞ்சு மாதிரி லேசான மரத்தில் றெக்கை செய்து, மேலே பளபளப்பான தாளைச் சுற்றி, சூடான பெட்டியால் தேய்ப்பார்கள். தேய்க்கத் தேய்க்க அது மேளத்தோல் மாதிரி இழுத்துக்கொண்டு ஒட்டும்.

எங்கள் வீட்டில் அதைச் செய்வது என் மாமனார் சென்னியப்பன்.

மாமா பம்பு சாமான் செய்கிற கம்பெனியில் சோதனைப் பிரிவில் இருந்தவர். வருகிற சாமானை அளந்து பார்த்து, கோணல் இருந்தால் சிவப்புப் பெயிண்ட் தொட்டு ஒதுக்கி வைப்பது அவர் வேலை. ரிட்டயர் ஆகி வரும்போது ஒரு ரசமட்டத்தோடு வந்தார். கொத்தனார்கள் வைத்திருப்பார்களே, கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி ஓடுமே, அதுதான். சாமி படத்தின் மேல் வைத்துப் பார்த்தார். கேஸ் அடுப்பின் மேல் வைத்துப் பார்த்தார். என் தோசைக்கு ரசமட்டம் வேண்டியிருக்கவில்லை, கண்ணே போதும். ஒரு பக்கம் அரை இஞ்ச் கூட என்பார். சொல்லிவிட்டு அந்தப் பக்கத்திலிருந்துதான் பிய்த்துத் தின்பார்.

நல்ல மனுஷர். கோபமே வராது. கோணல் மட்டும் பொறுக்காது.

என் மகள் மித்ராவுக்கு எல்லாமே இடக்கை. பல் விளக்குவது, கிறுக்குவது, சோறு தின்பது எல்லாம். மாமா முதலில் விளையாட்டாகத்தான் ஆரம்பித்தார். சோத்தாங்கையில் ஒரு வாய் தின்றால் ஒரு கடலை மிட்டாய். பாப்பா ஒரு வாய் தின்றுவிட்டு, மிட்டாய்க்கு இடக்கையை நீட்டுவாள். எல்லோரும் சிரிப்போம்.

எல்கேஜியில் இடம் கிடைத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. பள்ளிக்கூடத்தில் நாலு பிள்ளைகள் கேலி செய்யும், அதற்கு முன்னால் நாமே நிமிர்த்திவிட வேண்டும் என்றார். அதிலிருந்து அவள் தட்டில் கை வைக்கும்போதெல்லாம் அந்தக் கையை மெதுவாகப் பிடித்து எடுத்துவிட்டு, இந்தக் கையை வைப்பார். அடிக்கவில்லை, அதட்டவில்லை. பாப்பாவும் சண்டை போடவில்லை. தாத்தா பக்கத்தில் வந்து உட்கார்ந்தால், இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொள்வாள். வாயைத் திறக்க மாட்டாள். அவர் கடைக்குப் போகிற நேரம் பார்த்து நான் ஊட்டிவிடுவேன். பிள்ளை இளைத்துக்கொண்டே வந்தாள். எனக்கு எதிர்த்துப் பேச வராது.

போன ஐப்பசியில் ஒரு நாள், மொட்டை மாடிக் கொடியில் துணியோடு துணியாக ஒரு விமானம் தொங்கியது. கொஞ்ச நேரத்தில் வாசலில் ஒரு அக்கா வந்து நின்றார்.

"ஏன் அம்மிணி, எம்பட பிளேன் உங்க கொடியில காயுதுங்களா?"

அதுதான் நூர்ஜகான் அக்கா. என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். சைக்கிள் கடைக்கு மேலே ஒரு ரூமில் இந்த விமானங்களை ரிப்பேர் செய்கிறார். உடைந்த றெக்கைகளை வெளியூரிலிருந்தெல்லாம் பார்சல் போட்டு அனுப்புகிறார்கள். மாமா விமானத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு எஞ்சின் எங்கே என்றார். வெளியே வீசுதே காத்து, அதுதான் என்றார் அக்கா.

மறுநாள் காலையில் மாமா குளித்து, விபூதி பூசி, சைக்கிள் கடை மாடி ஏறிவிட்டார்.

தன் வயதில் பாதி இருக்கிற பெண்ணை டீச்சரம்மா என்று கூப்பிட்டார். அக்கா அவரை அண்ணா என்றார். கம்பெனி சிநேகிதர்கள் விடுவார்களா? தாத்தாவும் பேத்தியும் ஒரே வருசம் எல்கேஜியா என்று டீக்கடையில் கேட்டார்களாம். ஆமாம், நான் கொஞ்சம் முன்னாலயே சேர்ந்துட்டேன் என்று இவர் சொன்னாராம்.

அக்கா அவருக்கு உப்புத்தாள்தான் கொடுத்தார். தேய்த்தார். பசை கொடுத்தார். ஒட்டினார். ரிமோட்டை மட்டும் கையில் கொடுக்கவில்லை. வைகாசிக் கடைசியில் காற்று கிளம்பியதும் மாமா கேட்டுவிட்டார்.

"மூக்கு ஒட்டினேன், வாலு ஒட்டினேன். பறக்க விடறது எப்பங்க டீச்சரம்மா?"

அக்கா சுவரிலிருந்து மஞ்சள் விமானத்தை இறக்கினார். அது அவருடைய சொந்த விமானம். வேறு யாரும் தொட்டதில்லை. ஒரு றெக்கை நடுவில் முறிந்திருந்தது.

"இதைச் சரி பண்ணிக் கொண்டாங்ணா. ஞாயித்துக்கிழமை கரட்டுக்குப் போலாம்."

அன்றைக்கு என் இஸ்திரிப் பெட்டி மாமாவின் ரூமுக்குப் போனது. முறிந்த இடத்தை ஒட்டினார். பழைய தாளை உரித்துப் புதுத் தாளைத் தேய்த்தார். ஒரு சுருக்கம் இல்லை. டீவி ஸ்டாண்டின் கண்ணாடி மேல் றெக்கையை வைத்துப் பார்த்தவர் என்னைக் கூப்பிட்டார்.

றெக்கையின் ஓரத்தில், பின்பக்க விளிம்பு கண்ணாடியில் படாமல் மேலே தூக்கிக்கொண்டிருந்தது. ஒரு நூல், அதாவது இஞ்ச்சில் எட்டில் ஒரு பங்கு, இருக்கும். றெக்கையை யாரோ லேசாகத் திருகி விட்ட மாதிரி. இன்னொரு றெக்கையை வைத்தார். அதிலும் அதே திருக்கு.

ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்குதுங்களே மாமா என்று மெதுவாகச் சொன்னேன்.

"ரெண்டு தப்பு சேர்ந்தா சரின்னு ஆயிருமா அம்மிணி? டீச்சரம்மா கவனிக்கல. நாம நிமுத்திக் குடுத்தா சந்தோசப்படும்."

நான் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். அவர் தேய்த்தார். சூட்டில் தாள் முறுக்கி இழுத்து, ஆறும்போது றெக்கை நேராக நின்றது. கண்ணாடி மேல் வைத்தால் ஒரு காகிதம் நுழையாது. மாமா அன்றைக்கு ராகம் போட்டுக்கொண்டே சாப்பிட்டார். பாப்பா சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எங்களையும் கூட்டிப் போனார். ஊருக்கு மேற்கே கல்லும் முள்ளுமாக ஒரு கரடு, சின்னக் குன்று. கணவாயிலிருந்து வருகிற காற்று அதில் மோதி மேலே ஏறுகிறது. ஓரத்தில் போய் நின்றால் சேலைத் தலைப்பு தலைக்கு மேல் நிற்கும். அந்த ஏறுகிற காற்றில்தான் விமானம் மிதக்கும் என்று மாமா எனக்குப் பாடம் எடுத்தார்.

அக்கா றெக்கைகளை மாட்டினார். இரண்டு விரல் நுனியில் விமானத்தை வைத்துத் தூக்கி, தலை கனமா வால் கனமா என்று பார்த்தார். பிறகு வால் பக்கமிருந்து ஒரு கண்ணை மூடி றெக்கையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தேச்சு விட்டீங்களாண்ணா?"

"ஆமாங்க டீச்சரம்மா. கோணலா இருந்துதுங்க."

அக்கா சிரித்தார். ரிமோட்டை மாமாவின் கையில் கொடுத்துவிட்டார்.

அக்கா விமானத்தைக் காற்றுக்கு எதிராக எறிந்தார். அது போயிற்று. மஞ்சளாக, சத்தமே இல்லாமல், கரட்டின் ஓரத்தோடு ஓடிப்போய், வளைந்து, திரும்பி வந்தது. மாமாவின் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை. பாப்பா இடக்கையைத் தூக்கி டாட்டா காட்டிக்கொண்டே இருந்தாள். அன்றைக்கு மாமா அதைக் கவனிக்கவில்லை.

கொஞ்சம் கழித்து அக்கா, வேகத்தைக் குறைங்க, இறக்கறதுக்கு மெதுவாக் கொண்டாங்க என்றார். மாமா குறைத்தார். விமானம் மெதுவாகி, மெதுவாகி, சட்டென்று ஒரு பக்க றெக்கை கீழே விழுந்தது. யாரோ தட்டிவிட்ட மாதிரி. ஒரு சுற்றுச் சுற்றி, தலைகீழாகப் போய் முட்புதருக்குள் சொருகிக்கொண்டது.

பாப்பா கைதட்டினாள். மாமா உட்கார்ந்துவிட்டார்.

முள்ளை விலக்கி அக்காதான் எடுத்து வந்தார். மூக்கு நசுங்கியிருந்தது, றெக்கைக்கு ஒன்றுமில்லை. என் கைதான் தப்பு, இந்த வயசுக்கு மேல எனக்கு இது வராது, ரிமோட்டை நீங்களே வெச்சுக்குங்க என்று மாமா சொல்லிக்கொண்டே போனார்.

"உங்க கை சரியாத்தாண்ணா பண்ணுச்சு" என்றார் அக்கா.

பையிலிருந்து சின்ன ஸ்குரூ டிரைவரை எடுத்தார். றெக்கையின் இரண்டு ஓரத்திலும், பின்பக்கம், ஆடுகிற மாதிரி சின்னப் பட்டைகள் இருக்கும். விமானத்தைச் சாய்த்துத் திருப்புவது அதுதான். இரண்டு பட்டையையும் கொஞ்சம் மேலே தூக்கினாற்போல் முடுக்கினார். ஒரு நூல். மூக்கில் டேப் சுற்றினார். மறுபடியும் எறிந்தார்.

"இப்ப மெதுவாக்குங்ணா. முன்னைக்கும் மெதுவா."

மாமா பயந்துகொண்டே குறைத்தார். விமானம் அப்படியே காற்றில் நின்றது. தூங்கி விழுகிறவர் மாதிரி ஒரு தரம் தலையை ஆட்டியது. கவிழவில்லை. றெக்கை இரண்டும் மட்டமாகவே இருந்தன. அடுத்த நிமிசம் தானே நிமிர்ந்து போயிற்று. மாமா அதை மூன்று தரம் தூங்க விட்டார். மூன்று தரமும் எழுந்துகொண்டது. புல்லில் இறக்கியபோது, பூனை உட்கார்கிற மாதிரி உட்கார்ந்தது.

மாமா போய் எடுத்தார். வால் பக்கமிருந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். தூக்கி நிற்கிற அந்த இரண்டு ஓரத்தையும் தடவினார்.

வேகம் குறைஞ்சா றெக்கையோட நடுப்பக்கம் முதல்ல காத்தை விட்டுரும், ஓரம் பிடிச்சுக்கிட்டு இருக்கும், அதுக்காகத் திருக்கி வெச்சதுதாண்ணா என்று அக்கா சொன்னார்.

"தெரிஞ்சுதான் எங்கிட்டக் குடுத்தீங்களா? உங்க பிளேனுங்களே."

"சொல்லியிருந்தா என்னைய நம்பியிருப்பீங்களா, ரசமட்டத்தை நம்பியிருப்பீங்களா?"

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, தலைப்பால் வாயை மூடிக்கொண்டேன்.

பாறை நிழலில் டிபன் பாக்ஸைப் பிரித்தேன். தக்காளி சாதம், உருளைக்கிழங்கு. பாப்பாவுக்கு நல்ல பசி. மூடியில் போட்டு முன்னால் வைத்தேன். மாமா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பாப்பா தாத்தாவை ஒரு பார்வை பார்த்தாள். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

நூர்ஜகான் அக்கா அதைப் பார்த்தார். உருளைக்கிழங்கு நல்லாருக்கு அம்மிணி என்றார்.

மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. மடியில் அந்த மஞ்சள் றெக்கை.

"டீச்சரம்மா, ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளுங்ணா."

"எனக்குக் கோணல் பார்க்கத்தான் தெரியும். சோறு போட்ட தொழில் அதுதானுங்க. எந்தக் கோணலை நிமுத்தணும், எதைத் தொடாம விடணும்னு எப்படிங்க கண்டுபிடிக்கறது?"

அக்கா விரலை நக்கிக்கொண்டார். தண்ணீர் பாட்டிலை எடுத்து அண்ணாந்து குடித்தார்.

"நிமுத்தறதுக்கு முன்னால ஒருக்கா பறக்க விட்டுப் பாருங்ணா."

மாமா கரட்டுக்குக் கீழே போகிற லாரியைப் பார்த்தார். பாப்பாவைப் பார்த்தார். பாப்பா சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் கையை நீட்டினார். பாப்பா கண்ணை மூடிக்கொண்டாள். மாமா மூடியை ஒரு விரலால் தள்ளி, அவளுடைய இடப்பக்கமாக வைத்தார். பிறகு எழுந்து, விமானத்தைத் துடைக்கிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

பாப்பா மூடியில் ஒரு பருக்கை மீதி வைக்கவில்லை. இன்னும் வேணும் என்றாள்.

நேற்றைக்கு மாமா றெக்கையை மறுபடியும் பழைய மாதிரி திருக்கி வைக்க உட்கார்ந்தார். அந்த அவசரத்தில்தான் பெட்டி சூடு அதிகமாகி, தாள் இப்படி ஒட்டிக்கொண்டது. ஒரு ஓரத்தை நான் பிடித்தேன். இன்னொரு ஓரத்தைப் பாப்பா பிடித்தாள். எந்தக் கையில் பிடித்தாள் என்று மாமா கேட்கவில்லை. ஒரு நூல் வந்துருச்சா பாரு கண்ணு என்று அவளைத்தான் கேட்டார். அவள் ஒரு கண்ணை மூடி, அவரைப் போலவே தலையைச் சாய்த்து, தாத்தா இன்னுங் கொஞ்சம் என்றாள். அதற்கு மாமா என்ன சொன்னார் தெரியுமா, அவர் பாப்பாவின் அந்த இடக்கையைப் பிடித்து றெக்கை ஓரத்தில் வைத்து, நீயே திருக்கு கண்ணு என்றார். இதோ, மறுபடியும் கூப்பிடுகிறார், ரெண்டாவது றெக்கையாம், பெட்டியைச் சூடோடு கொண்டு வரச் சொல்கிறார்.