பன்றி மூடியது, அழுங்கு தோண்டியது

நாவல்காட்டுக் குளக்கரையில் ஒரு காட்டுப்பன்றியும் ஓர் அழுங்கும் வேலை பார்த்தன. அழுங்கு என்றால் உடம்பெல்லாம் செதில் மூடிய எறும்புத்தின்னிதான். பன்றிக்குப் பகல் வேலை. அழுங்குக்கு இரவு வேலை.

வேலை கொடுத்தது யானை மேஸ்திரி. மழைக்காலத்துக்குள் கரையைப் பலப்படுத்த வேண்டும். "கரையில் எங்கே குழி கண்டாலும் மண் போட்டு மூடு!" என்று பன்றியிடம் சொன்னது. "கரைக்குள் கறையான் புகுந்திருக்கிறது. தோண்டித் தின்று தீர்த்துவிடு!" என்று அழுங்கிடம் சொன்னது. அதன் வேலையை இதற்கும், இதன் வேலையை அதற்கும் சொல்லவே இல்லை. எல்லாம் சொல்லியாயிற்று என்ற நினைப்பில் மூங்கில்காட்டு விருந்துக்குக் கிளம்பிவிட்டது. அவ்வளவு பெரிய தலை இருந்தும் இது ஞாபகத்துக்கு வரவில்லை!

முதல் நாள் மாலை, வேலை முடித்துக் கிளம்பிய பன்றி, எதிரே வந்த அழுங்கைப் பார்த்தது. புது ஆள் அல்லவா, அதற்கு ஒரே சந்தோஷம்! பன்றிகளின் வழக்கப்படி கோரைப்பல்லைத் தூக்கிக் காட்டி, "உர்ர்ர்!" என்று பலமாக வணக்கம் சொன்னது.

அழுங்கு வெலவெலத்துப் போயிற்று. பயம் வந்தால் பந்தாகச் சுருண்டுகொள்வது அழுங்குகளின் வழக்கம். அதுவும் சுருண்டுகொண்டது.

"என்ன திமிர்! வணக்கம் சொன்னால் முகத்தைக்கூடக் காட்டமாட்டேன் என்கிறானே!" என்றது பன்றி.

"என்ன முரடன்! வந்த முதல் நாளே அடிக்க வருகிறானே!" என்றது பந்துக்குள்ளிருந்த அழுங்கு.

அன்றோடு பேச்சுவார்த்தை முறிந்தது.

இரவெல்லாம் அழுங்கு கறையானைத் தேடித் தோண்டியது. காலையில் வந்த பன்றி குழியைப் பார்த்துக் கொதித்தது. "நேற்று நன்றாகத்தானே இருந்தது! வேண்டுமென்றே பறித்துப் போட்டிருக்கிறான்!" என்று மண்ணைத் தள்ளி மூடியது. மாலையில் வந்த அழுங்கு அழாத குறையாக நின்றது. "பாதிக் கறையான் இன்னும் உள்ளே இருக்கிறதே! என் வேலையைக் கெடுக்கவே மூடியிருக்கிறான்!" என்று மறுபடியும் தோண்டியது.

இப்படியே ஆறு நாள்! இரண்டும் எலும்பு தேய உழைத்தன. கரை மட்டும் ஒரு சாண்கூடப் பலப்படவில்லை.

கரையை ஒட்டிய கோரைப்புல்லில் ஒரு நீர்க்கோழி ஏழு முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்தது. காலையில் பன்றியின் புலம்பலும், மாலையில் அழுங்கின் புலம்பலும் அதன் காதில் விழும். "நமக்கேன் வம்பு!" என்று இருந்துவிட்டது.

ஏழாம் நாள் ஒரு சின்ன மழை பெய்தது. மாலையில் பார்த்தால், கூட்டுக்கு அருகிலேயே கரை கசிகிறது! கரை உடைந்தால் கூடும் முட்டைகளும் வெள்ளத்தோடு போய்விடும். நீர்க்கோழி முட்டைகளை விட்டு எழுந்தது. ஒரே ஓட்டமாக ஓடி, வீட்டுக்குக் கிளம்பிய பன்றியையும் வேலைக்கு வந்த அழுங்கையும் வழிமறித்தது.

"நில்லுங்கள் இரண்டு பேரும்!"

"உர்ர்ர்!" என்று திரும்பியது பன்றி. சட்டென்று பந்தாகிவிட்டது அழுங்கு.

"பார்த்தாயா அக்கா, அவன் திமிரை!"

"திமிரா? அது பயம்! நீ உறுமினால் எனக்கே இறகு உதிர்கிறது!"

"உறுமினேனா? வணக்கம் அல்லவா சொன்னேன்!" பன்றிக்கு உண்மையிலேயே தெரியவில்லை, பாவம்.

"அப்படியானால் மூக்கைச் சேற்றில் வைத்துப் படு! அப்புறம் பேசு!"

பன்றி படுத்தது. கொஞ்ச நேரத்தில் பந்து தளர்ந்தது. ஒரு மூக்கு வெளியே வந்தது. பிறகு ஒரு கண்.

"அடிக்கமாட்டீர்களே?" என்று கேட்டது அழுங்கு.

"உன்னை நான் ஏன் தம்பி அடிக்கப்போகிறேன்! நீ ஏன் தினமும் கரையைப் பறிக்கிறாய்?" சேற்றில் குமிழி விட்டபடியே கேட்டது பன்றி.

"பறிக்கவில்லை அண்ணே! உள்ளே கறையான் இருக்கிறது. அதை எடுக்காவிட்டால் கரை உளுத்துப்போகும். நீங்கள் ஏன் தினமும் மூடுகிறீர்கள்?"

"குழி கண்டால் மூடச் சொன்னார் மேஸ்திரி!"

இரண்டும் ஒன்றையொன்று பார்த்தன. ஆறு நாள் பாடு! முதலில் பன்றிக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் அழுங்குக்கும் வந்தது. வெட்கமும் கூடவே வந்தது.

"சிரிப்பெல்லாம் பிறகு! என் முட்டைகள்!" என்று கத்தியது நீர்க்கோழி.

அன்று பன்றி வீட்டுக்குப் போகவில்லை. கசிந்த இடத்தில் அழுங்கு கடைசிக் கறையான்வரை தோண்டி எடுத்தது. உடனே பன்றி களிமண்ணைத் தள்ளி நிரப்பிக் காலால் மிதித்து இறுக்கியது. கசிவு நின்றது.

மறுநாளிலிருந்து புதுப் பழக்கம் வந்தது. வேலை முடியாத குழியில் அழுங்கு ஒரு நாணல் குச்சியை நட்டுவிடும். அந்தக் குழியைப் பன்றி தொடாது. காலையும் மாலையும் ஆள் மாறும்போது, இரண்டும் சற்று உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் போகும். பன்றி படுத்துக்கொண்டு, கிசுகிசுத்த குரலில் வணக்கம் சொல்லும். அதைப் பார்க்கத் தவளைகள் தினமும் கூட்டமாக வந்து உட்கார்ந்தன!

நான்கே நாளில் வேலை முடிந்தது. விருந்து முடிந்து வந்த யானை எல்லாவற்றையும் கேட்டுக் காதைத் தொங்கப்போட்டது. "உங்கள் இரண்டு பேரையும் சேர்த்து நிறுத்தி வேலையைச் சொல்லியிருக்க வேண்டும். தப்பு என்னுடையதுதான்!" என்றது.

அன்று பிற்பகலே பெருமழை பிடித்தது. இரண்டு நாள் விடாமல் கொட்டியது. குளம் நிரம்பித் ததும்பியது. கரை அசையவில்லை!

மழை விட்ட காலையில் கோரைப்புல்லை விலக்கிக்கொண்டு ஏழு கறுப்புக் குஞ்சுகள் தண்ணீரில் இறங்கின. கரையில் நின்ற பன்றியும் அழுங்கும் தங்கள் வீட்டுப் பிள்ளைகளைப் போல அவற்றைப் பார்த்துப் பூரித்துப்போயின.

கூட வேலை செய்பவர்மேல் வருத்தம் வந்தால், நாமாக ஒன்றை நினைத்துக்கொண்டு குமுறாமல், அவரிடமே நேரில் போய்க் கேட்டுவிட வேண்டும்.