தளும்பாத டீ

"பிடிச்சுட்டேன் குருவே!"

பொன்னுரங்கம் போட்ட சத்தத்தில் நஸீமா ஓடிவந்தாள்.

திரையில், சக்கர நாற்காலியின் மோட்டாருக்குப் போகும் மின்னோட்டத்தின் அலை வழுவழுவென்று ஏறி இறங்கியது. காலையில் அதன்மேல் குட்டி அலைகளாக நெளிந்த ஹார்மோனிக் பிசிறு ஒன்றுகூட இல்லை.

நஸீமா அவரைவிட இருபது வயது சின்னவள். பம்ப் மோட்டாரோடு தலை நரைத்தவர், காந்த மோட்டாரை ஆட்டிவைக்கும் வித்தையை அவளிடம்தான் கற்றுவந்தார். 'குருவே' முதலில் கிண்டலாகத்தான் ஆரம்பித்தது.

"மரகதம்மா எப்ப வர்றாங்கண்ணா?"

"வந்துட்டே இருக்காங்க. இன்னிக்கும் நாற்காலி அதிர்ந்தா வேண்டவே வேண்டாமாம். முதுகுல பிளேட் வெச்சவங்க, வலி உசுரு போகுதாம். இனி அதிராதுங்க. அலையைப் பாருங்க, வெண்ணெய் மாதிரி!"

நஸீமா ஒரு டம்ளர் நிறைய டீ ஊற்றினாள். சக்கர நாற்காலியில் உட்கார்ந்து அதை மடிமேல் பிடித்துக்கொண்டாள்.

"மெதுவா ஓட்டுங்கண்ணா."

மேசையில் இருந்தபடியே ஓட்டினார். நாற்காலி விட்டு விட்டு இடறியது. டீ சீட்டில் சிந்தியது.

பொன்னுரங்கம் திரையைப் பார்த்தார். அலை அப்படியே இருந்தது.

"இதுல ஒரு குத்தமும் இல்லையேங்க!"

"இல்லைங்கண்ணா. காந்தத்துல இருக்கு. ஒரு இடத்துல கூட இழுக்குது, ஒரு இடத்துல கம்மியா இழுக்குது."

"மாத்திரலாமா?"

"மோட்டாருக்குள்ள ஒட்டியாச்சே."

அவர் தாடையைச் சொறிந்தார். சட்டென்று மேசையைத் தட்டினார்.

"அப்ப, அது குறைக்கிற இடத்துல நாம கூட்டணும்!"

நஸீமா டம்ளரை மறுபடி நிரப்பினாள்.

அவர் விரல்கள் விசைப்பலகையில் பறந்தன. விரட்டிய ஹார்மோனிக்கையே, காந்தத்தின் கோணலுக்கு எதிர்க்கோணலாக உள்ளே விட்டார். அலை பள்ளமும் மேடுமாகச் சிதைந்தது.

"கண்றாவி. பார்க்கச் சகிக்கலை."

"ஓட்டுங்க."

நாற்காலி வழுக்கிக்கொண்டு போனது. டம்ளரில் டீ விளிம்பைத் தொட்டபடி அசையாமல் நின்றது. பொன்னுரங்கம் பின்னாலேயே ஓடினார்.

"குருவே! ஒரு சொட்டு! ஒரு சொட்டுகூட!"

சுவரோரம் நாற்காலி நின்றது. அவருக்கு மூச்சு வாங்கியது.

"அப்ப காலையிலேர்ந்து நான் எதைத்தாங்க சுத்தம் பண்ணிட்டிருந்தேன்?"

"திரையை," என்றபடி நஸீமா எழுந்தாள்.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. பொன்னுரங்கம் தோளில் கிடந்த துண்டை எடுத்து, சீட்டில் சிந்தியிருந்த டீயைத் துடைத்தார்.