மடித்து வந்த இலை

"சீனாவுக்குப் போய் அந்த ஊர்ச் சாப்பாட்டைச் சாப்பிடாம வாகைப்பட்டிக்குள்ள கால் வைக்க மாட்டேன்" என்று மச்சினன் முன்னால் மீசையை முறுக்கிவிட்டு விமானம் ஏறினார் கோமதிநாயகம். கூடவே கூட்டாளிகள் இசக்கியும் சங்கரபாண்டியும். அறிவில் மூவரும் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை.

குவாங்சோவில் இறங்கியதும் வழிகாட்டி சொன்னார்: "பாஷை தெரியலைன்னு கவலைப்படாதீங்க. பக்கத்து மேசையைக் கை காட்டுங்க, போதும்."

மூவரும் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து, காலியாகக் கிடந்த பக்கத்து மேசையைக் கை காட்டினார்கள். கடைக்கார அம்மாள் அவர்களை அந்த மேசைக்கு மாற்றினாள். உடனே அதற்குப் பக்கத்து மேசையைக் காட்டினார்கள். இப்படியே பதினொரு மேசையில் உட்கார்ந்தாகிவிட்டது. கோமதிநாயகத்துக்குப் பசி காதை அடைத்தது.

பன்னிரண்டாவது மேசையில் ஒரு பெரியவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மாளுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. ஆவி பறக்க, உள்ளே சோறு வைத்து மடித்த மூன்று தாமரை இலைப் பொட்டலங்களைக் கொண்டுவந்து வைத்தாள்.

"எலைய மடிச்சிட்டாகளே, அண்ணாச்சி!" என்றான் இசக்கி.

"நாம இன்னும் கையே நனைக்கலியேடே!" கோமதிநாயகத்துக்கு அழுகையே வந்துவிட்டது.

"பந்தி முடிஞ்சிட்டுன்னு அர்த்தம்" என்றான் சங்கரபாண்டி. "சும்மா மடிக்கல, பாருங்க. நூலு போட்டுக் கட்டிருக்காக. இனி ரசங்கூடக் கேக்கப்படாது."

"நம்ம பக்கமா மடிச்சிருக்கா, அந்தப் பக்கமா மடிச்சிருக்கா?" என்று கேட்டார் கோமதிநாயகம்.

"நாலு பக்கமும் மடிச்சிருக்கு" என்றான் இசக்கி.

"அப்போ கல்யாணமும் எழவும் ஒரே நாள்ல. பாவம், அதான் வெரசா முடிச்சிட்டாக."

மூவரும் எழுந்து கை கழுவினார்கள். கல்யாணத்துக்குச் சிரிக்க வேண்டும், எழவுக்கு அழ வேண்டும். கோமதிநாயகம் அம்மாள் முன்னால் நின்று இரண்டையும் செய்தார். மனம் கேட்காத அம்மாள் இன்னும் மூன்று பொட்டலம் எடுத்துவந்தாள்.

"ரெண்டாம் பந்தியும் முடிஞ்சிட்டு!" என்று அலறிக்கொண்டு வெளியே ஓடினார்கள்.

சொன்ன சொல் சொன்ன சொல்தான். இசக்கியின் முதுகில் ஏறிக்கொண்டுதான் கோமதிநாயகம் வாகைப்பட்டிக்குள் வந்தார். மாதம் மூன்றாகிறது, கால் இன்னும் தரையில் படவில்லை. காலையில் இசக்கி, மாலையில் சங்கரபாண்டி.

"சீனாவுல சாப்பாடு எப்படி, அத்தான்?" என்று மச்சினன் கேட்டான்.

"அதுக்கென்ன கொறச்சல், மாப்ள? நாங்கதான் லேட்டாப் போயிட்டோம்" என்று முதுகின் மேலிருந்தே பெருமூச்சு விட்டார் கோமதிநாயகம். "அடுத்த தடவ மொதப் பந்திக்கே போயிரணும்."

இசக்கி மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டான்: "அதுக்கு இப்பவே நடக்க ஆரம்பிச்சிரட்டுமா, அண்ணாச்சி?"