பாதம் கழுவ வந்தவர்

மனுவேல் சாமியின் மடத்தில் சந்தியாகு இரண்டு வருடமாகச் சீடர். குருவைவிடப் பத்து வயது மூத்தவர். ஊரில் இருந்தவரை கோயில் நாட்டாண்மை.

ஒரு திருவிழாவில் கீழத்தெரு பாக்கியநாதன் தேர்வடத்தைத் தொட்டார். தேரில் இருந்த ஆண்டவர் தச்சர் வளர்த்த பிள்ளை. வடத்துக்கு மட்டும் சாதி இருந்தது. தேர்மேல் கல்லெறிந்தார் என்று சந்தியாகு போலீசில் பொய்ப் புகார் கொடுத்தார். பாக்கியநாதன் நான்கு மாதம் சிறையில் இருந்துவிட்டு ஜாமீனில் வந்தார். வழக்கு முடியவில்லை. ஒரே சாட்சி சந்தியாகு.

மடத்தில் அவர் வெறுந்தரையில் படுத்தார். வெள்ளிக்கிழமைகளில் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. அதை மற்றவர்களிடம் சொல்லவும் தவறுவதில்லை.

ஆண்டவர் சீடர்களின் பாதம் கழுவிய பெரிய வியாழனுக்கு முந்தின நாள் குருவிடம் வந்தார்.

"சாமி, நாளைக்குப் பாதம் கழுவும் சடங்கில் எனக்கு ஓர் இடம் வேண்டும். சபைக்கு முன்னால் பாக்கியநாதன் காலை நான் கழுவ வேண்டும்."

"அவரைக் கேட்டீர்களா?"

"காலையில் போய்க் கேட்டேன். வர மாட்டானாம்."

"என்ன சொன்னார்?"

"'என் கால் சுத்தமாத்தான் இருக்கு, நாட்டாமை. பதினெட்டாம் தேதி சாட்சி விசாரணை. அங்க வந்து வாயைக் கழுவுங்க' என்கிறான்."

குரு சிரித்துவிட்டார். சந்தியாகு சிரிக்கவில்லை.

"நான் இவ்வளவு இறங்கிப் போயிருக்கிறேன். வாசலில் நிற்க வைத்தே பேசினான், சாமி."

"உங்கள் வீட்டில் அவர் எங்கே உட்காருவார்?"

சந்தியாகு பார்வையைத் தோட்டத்துப் பக்கம் திருப்பினார்.

"சரி, சபையிடம் என்ன சொல்வதாக இருந்தீர்கள்?"

"நான் மகாபாவி என்று."

"சொல்லுங்கள், கேட்போம்."

சந்தியாகு முழங்காலிட்டு மார்பில் அறைந்துகொண்டார். "நான் மகாபாவி." குரல் வெளியே வரை போனது. தோட்டத்தில் களை பிடுங்கிக்கொண்டிருந்த இரண்டு சீடர்கள் திரும்பிப் பார்த்து அவரைக் கும்பிட்டார்கள்.

"நன்றாக இருக்கிறது. இப்போது, 'நான் பொய்ப் புகார் கொடுத்தேன்' என்று சொல்லுங்கள்."

சந்தியாகு எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். மெல்லச் சொன்னார்.

"கேட்கவில்லை," என்றார் குரு.

"இதைக் கோர்ட்டில் சொன்னால் என்னைத்தான் உள்ளே போடுவார்கள், சாமி."

"சொல்லாவிட்டால்?"

"அவன் போவான்."

குரு எழுந்து கதவைத் திறந்து வைத்தார். தோட்டத்தில் இருந்தவர்கள் இன்னும் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இந்த வயதில் சிறை என்றால் என் தவம் என்ன ஆவது?" என்றார் சந்தியாகு. "அங்கே ஜெபிக்க ஓர் இடமாவது கிடைக்குமா?"

"எனக்குத் தெரியாது," என்றார் குரு. "அங்கே ஜெபித்தவர் பாக்கியநாதன். அவரைக் கேளுங்கள்."