பன்னிரண்டு சாளரங்களும் மகிழம்பூ மணமும்

வெகு காலத்துக்கு முன்பு, கடலோரத்து வெண்டுறை நாட்டை அரிகேசன் என்றொரு அரசன் ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் ஒன்று சொல்வான், மாலையில் வேறொன்று சொல்வான்.

அவனுக்கு ஒருநாள் ஓர் ஏக்கம் வந்தது. அரண்மனையில் தென்றல் மண்டபம் என்று ஒன்று உண்டு. அதற்குப் பன்னிரண்டு சாளரங்கள். அரசன் ஆறு வயதுப் பிள்ளையாக இருந்தபோது, வெயில் சாயும் நேரத்தில் அங்கே பாட்டும் மத்தளமும் நடக்கும். அவன் தாயின் மடியில் படுத்திருப்பான். அப்போது ஒரு காற்று மெல்ல வந்து கழுத்தைத் தடவிவிட்டுப் போகும். எந்தச் சாளரத்தைத் திறந்து எதைச் சாத்தினால் அந்தக் காற்று வரும் என்பது மண்டபக் காவலர் ஒருவருக்கே தெரியும். அவர் காலமாகிவிட்டார். அரசனின் தாயும் இப்போது இல்லை.

"எனக்கு அந்தக் காற்று மறுபடி வேண்டும்" என்றான் அரசன்.

சபையில் இருந்த தாண்டவராயர் துள்ளி எழுந்தார். அமைச்சர் வெண்ணாகரின் இருக்கைமேல் வெகுநாளாகக் கண் வைத்திருந்தவர் அவர். "இது என்ன பெரிய காரியம் மன்னா? பன்னிரண்டே சாளரம். எல்லா விதமாகவும் திறந்து மூடிப் பார்த்துவிடலாம்."

"பார்க்கலாம் ராயரே" என்றார் வெண்ணாகர். "ஒரு சாளரத்துக்குத் திறப்பது, சாத்துவது என்று இரண்டு விதம். இரண்டு சாளரத்துக்கு நான்கு. மூன்றுக்கு எட்டு. இப்படியே இரட்டித்துக்கொண்டு போனால் பன்னிரண்டுக்கு நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு. கடற்காற்று இங்கே வீசுவதோ நாளுக்கு ஒரு நாழிகை. நாளுக்கு ஒரு விதம் பார்த்தால் பதினோரு வருஷத்துக்கு மேல் ஆகும். தங்களுக்குப் பொறுமை இருக்கிறது. மன்னருக்கு?"

சபை சிரித்தது. ராயரின் முகம் சுருங்கியது.

வெண்ணாகர் வேறு வழி செய்தார். அந்தக் காலத்து ஊழியர்களில் மிஞ்சியிருந்த பத்தொன்பது முதியவர்களை வரவழைத்து, ஆளுக்கொரு ஞாபகத்தை ஓலையில் எழுதிக்கொண்டார். முதல் ஓலை மட்டும் அரசனுடையது: "தோட்டத்துச் சாளரம் திறந்திருந்தது. அது வழியாக மகிழம்பூ மணம் வந்தது."

மறுநாளே ராயர் ஓடிவந்தார். "கண்டுபிடித்துவிட்டேன் மன்னா! இதோ, சாளரங்களைச் சரியாகத் திறந்து மூடி வைத்துவிட்டேன்!"

"கண்டுபிடிக்கத்தான் கஷ்டம். சரிபார்க்க வெற்றிலை மெல்லும் நேரம் போதும்" என்று அமைச்சர் ஓலைகளை வரிசையாகப் படித்தார். நான்காவது ஓலையிலேயே குதிரைக்கார முத்திருளர் கையைத் தூக்கினார்.

"லாயத்துச் சாளரத்தைத் திறந்து வைத்திருக்கீங்களே சாமி! அது திறந்திருந்தா மத்தளச் சத்தத்துக்குக் குதிரை மிரளும். என் காலத்துல ஒருநாளும் மிரண்டதில்லை."

"கிழவன் புளுகுகிறான்!" என்று கத்தினார் ராயர். அதைச் சாத்தி, வேறொன்றைத் திறந்து, மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். "மன்னா, எப்படி வைத்தாலும் ஏதாவது ஓர் ஓலை இடிக்கிறது. இவர்களில் யாரோ பொய் சொல்கிறார்கள்."

அரசனுக்கும் கோபம் மூண்டது. "என் அம்மாவின் மண்டபத்தைப் பற்றியா பொய்? அமைச்சரே, மூன்று நாள் தருகிறேன். தவறாகச் சொன்னது யாரென்று காட்டும். அந்த ஆள் அரண்மனையை விட்டு வெளியேற வேண்டும். காட்டாவிட்டால் பத்தொன்பது பேரும் போகட்டும். அவர்களோடு நீரும் போகலாம்."

அந்த முதியவர்களுக்கு அரண்மனையைத் தவிர வேறு வீடு கிடையாது.

"ஒரு சந்தேகம் மன்னா" என்றார் வெண்ணாகர். "அந்த ஆள் யாராக இருந்தாலும் வெளியேற வேண்டுமா?"

"யாராக இருந்தாலும்!"

"மிக வேண்டியவராக இருந்தால்?"

"என்ன கேள்வி இது? யாராக இருந்தாலும்தான்!"

மூன்றாம் நாள், வெயில் சாயும் நேரத்தில் எல்லோரும் மண்டபத்தில் கூடினார்கள்.

"இருபது ஓலையும் ஒன்றாகப் பொருந்தாது" என்றார் வெண்ணாகர். "அதைக் காட்ட நாலாயிரம் விதமும் பார்க்க வேண்டாம். நான்கே ஓலை போதும். முதல் ஓலை மன்னருடையது. தோட்டத்துச் சாளரத்தைத் திறங்கள். மத்தளக்காரர் பொன்னப்பரே, உங்கள் ஓலை?"

"தோட்டமும் குளமும் சேர்ந்து திறந்தா ஈரக்காத்து குறுக்கே பாய்ஞ்சு மத்தளத் தோல் தொய்ஞ்சிடும். என் மத்தளம் ஒருநாளும் தொய்ஞ்சதில்லை."

"அப்படியானால் குளத்துச் சாளரத்தைச் சாத்துங்கள். தண்ணீர் சுமந்த சடைச்சியம்மா, நீங்கள்?"

"குளத்துக்கும் லாயத்துக்கும் நடுவுல படியில நின்னு பாட்டுக் கேப்பேன். ரெண்டுல ஒண்ணாவது திறந்திருந்தாத்தானே காதுல விழும்?"

"குளம் சாத்தியாயிற்று. ஆக, லாயத்துச் சாளரத்தைத் திறக்க வேண்டும்."

திறந்தார்கள். பொன்னப்பர் மத்தளத்தில் ஒரு தட்டுத் தட்டினார். வெளியே குதிரைகள் கனைத்துக் கயிற்றை இழுத்தன.

"நான்தான் சொன்னேனே!" என்றார் முத்திருளர்.

"குதிரைகளே சாட்சி சொல்லிவிட்டன" என்றார் வெண்ணாகர். "மத்தளம் தொய்வதையும் நேற்றுப் பார்த்தேன். படியில் நின்றும் கேட்டேன். மூன்று ஓலையும் உண்மை. மிஞ்சியது ஒன்று."

அது யாருடைய ஓலை என்று எல்லோருக்கும் தெரியும்.

அமைச்சர் தோட்டக்கார அலங்காரத்தம்மாள் பக்கம் திரும்பினார். "அம்மா, தோட்டத்து மகிழமரத்துக்கு என்ன வயது?"

"இருபத்திரண்டு சாமி. ராசாவுக்கு முடிசூட்டின வருஷம் நட்டேன். அந்த வாசம் பிடிக்கும்னு அவரே சொன்னார்."

"மன்னர் சிறுபிள்ளையாக இருந்தபோது அங்கே என்ன இருந்தது?"

"பூசணிக்கொடி."

அரசன் மெதுவாகக் கேட்டான். "அப்படியானால் அந்த மணம்?"

"கோயில் மகிழமரத்தடியில பூ பொறுக்கிக் கோத்து, தினமும் உங்கம்மா தலையில நான்தான் வச்சுவிடுவேன். நீங்க அந்த மடியிலதானே படுத்திருப்பீங்க?"

வெண்ணாகர் கையசைத்தார். தோட்டத்தையும் லாயத்தையும் சாத்தினார்கள். குளத்துச் சாளரத்தைத் திறந்தார்கள். மீதி ஒன்பதையும் மற்ற ஓலைகளின்படி வைத்தார்கள். காற்று மெல்ல வந்தது. அரசனின் கழுத்தைத் தடவியது. அவன் வெகுநேரம் கண்ணைத் திறக்கவில்லை.

பிறகு சொன்னான்: "தவறாகச் சொன்னவன் நான். அரண்மனையை விட்டு வெளியேற வேண்டியவனும் நான்தான்."

"எத்தனை நாளுக்கு என்று மன்னர் சொல்லவில்லையே" என்றார் வெண்ணாகர்.

அரசன் வாய்விட்டுச் சிரித்தான். தன் முத்துமாலையைக் கழற்றி அமைச்சரின் கழுத்தில் போட்டான். "முதியவர்கள் எல்லோரும் இங்கேயே இருக்கட்டும். ராயரே, எங்கே நழுவுகிறீர்? சாளரம் திறந்து மூட உமக்குத்தானே அவ்வளவு ஆசை? நாளை முதல் நீர்தான் மண்டபக் காவலர். எதைத் திறப்பது என்று தினமும் முத்திருளரைக் கேட்டுக்கொள்ளும்."

மறுநாள் மதியம் அரசன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். அரண்மனையை விட்டு வெளியேறிப் போய், கோயில் மரத்தடியில் அலங்காரத்தம்மாளோடு குனிந்து மகிழம்பூ பொறுக்கினான். வெயில் சாயும்போது ஒரு சரத்தோடு திரும்பிவந்து, தாய் உட்கார்ந்திருந்த இடத்தில் அதை வைத்துவிட்டுப் பக்கத்தில் படுத்துக்கொண்டான்.

தோட்டத்துச் சாளரம் சாத்தியே இருந்தது. காற்றும் வந்தது, மணமும் வந்தது.