கொழுப்பில்லாத மீன்கள்

மலையடிவாரத்தில் மீன் வளர்ப்பு சொல்லிக்கொடுத்துவந்தவர் குணவதி. அவரிடம் கற்க வந்தவர்களில் சவரியப்பன்தான் மூத்தவர். குணவதியைவிட இருபது வயது பெரியவர். முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். மனைவி அமலோற்பவம் மாரடைப்பில் போன பிறகு குளம் வெட்டினார். ரத்தக் குழாயைக் கொழுப்பு அடைத்துவிட்டது என்று டாக்டர் சொன்ன சொல் அவரை விட்டுப் போகவேயில்லை.

தீவனத்தில் முருங்கையிலைப் பொடியை அளவாகச் சேர்த்தால் ஜிலேபிக் கெண்டை நன்றாக வளரும், கொழுப்பும் குறையும் என்று குணவதி ஒருநாள் சொன்னார். அளவு மீறினால் இலையில் உள்ள கசப்பே வளர்ச்சியை நிறுத்திவிடும் என்றும் சொன்னார். சவரியப்பன் மனதில் தங்கியது கொழுப்பு குறையும் என்பது மட்டும்தான். கையளவு போட வேண்டிய இடத்தில் முறம் முறமாகக் கொட்டினார்.

ஐப்பசியில் மீன்கள் விரல் நீளத்தோடு நின்றுவிட்டன. அவர் கவலைப்படவில்லை. ஒன்றை அறுத்துப் பார்த்தார். வயிற்றில் துளிக் கொழுப்பில்லை. அன்று நிம்மதியாகச் சாப்பிட்டார்.

மார்கழிக் குளிர் இறங்கிய நாலாம் நாள் காலை, குளம் முழுக்கச் செத்த மீன்கள் மிதந்தன.

ஒன்றை ஈரத்துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு குணவதியிடம் போனார். நல்ல இலையைத்தானே கொடுத்தேன், ஏன் செத்தன என்று கேட்டார்.

குணவதி தன் குளத்தில் ஒரு மீனைப் பிடித்தார். இரண்டையும் அறுத்துப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். குணவதியின் மீனில் குடலைச் சுற்றி வெளிர்மஞ்சளாகக் கொழுப்பு படிந்திருந்தது.

"குளிர்ல மீன் இரை எடுக்காது ஐயா. தன் கொழுப்பைத் தின்னுதான் உயிரோட கிடக்கும்."

"என் மீனுங்க?"

"எதைத் தின்னும்?"

சவரியப்பன் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். சில மீன்கள் இன்னும் உயிரோடு கரையோரம் ஒதுங்கிக் கிடக்கின்றன, இலையை நிறுத்திவிட்டுப் புண்ணாக்கும் தவிடும் போட்டால் தேறுமா என்றார். இரைக்கு வாயைத் திறக்கின்றனவா என்று குணவதி கேட்டார். இரண்டு நாளாக இல்லை என்றார் அவர்.

சவரியப்பன் ஈரத்துணியை எடுத்து மடித்தார்.

"அமலோற்பவத்துக்கும் இதைத்தான் செஞ்சிருப்பேன் மேடம். முன்னமே தெரிஞ்சிருந்தா ஒரு சொட்டு எண்ணெய் கண்ணுல காட்டியிருக்க மாட்டேன்." அவர் குரல் இறங்கியது. "இப்ப நான் என்ன செய்யட்டும்?"

குணவதி கத்தியைக் கழுவி வைத்தார்.

"கரையில போய் உட்காருங்க ஐயா. அதுங்க இருக்கிறவரைக்கும் கூட இருங்க."