வாத்துப் பாட்டு

"ஆசானே, என் பாட்டைக் கொன்றுவிட்டார்கள்," என்று வந்து நின்றாள் செலஸ்தீன்.

சிங்கம் இளநீர் சீவிக்கொண்டிருந்தார். அந்தத் தீவில் கலிப்சோ என்னும் கேலிப்பாட்டுப் பாடுகிறவர்கள் பெரிய பெரிய பட்டமாக வைத்துக்கொள்வார்கள். இவர் சிங்கம். ஆள் என்னவோ தீக்குச்சி.

"யாரம்மா கொன்றது?"

"இன்ஸ்பெக்டர். கொட்டகையில் பாடுமுன் அவரிடம் எழுதிக் காட்ட வேண்டுமாமே. காட்டினேன், அடித்துத் தள்ளிவிட்டார்."

மூன்று மாதமாக அவள் தெருக்குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஊரை ஆளும் வெள்ளைக்காரத் துரை அதைத் தன் வாத்துக் குளத்துக்குத் திருப்பிக்கொண்டார். துணி வெளுத்துப் பிழைக்கிறவள், மூட்டையோடு இரண்டு மைல் நடந்து ஆற்றுக்குப் போகிறாள். அதைத்தான் பாட்டாகக் கட்டியிருந்தாள்.

"'துரை' போயிற்று. 'தண்ணீர்' போயிற்று. வாத்தைக்கூட விடவில்லை."

"வாத்தையுமா?"

"வாத்துமேல்தான் அவர் அடித்த முதல் கோடே."

சிங்கம் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். "அடியில் 'லா லா லா' இருக்கிறதே."

"அதுதான் மிச்சம்."

"ஆற்றங்கரையில் பாடிப் பழகினாயா?"

"ஒரு மாதமாக. துவைக்க வந்தவர்களெல்லாம் கூடவே பாடி, என் காது அடைத்துப்போயிற்று."

"அப்படியானால் லா லா பாடு."

"ஊரே சிரிக்கும் ஆசானே."

"சிரிக்கட்டுமே." இளநீரை நீட்டினார். "குடி. தொண்டை முக்கியம்."

சனிக்கிழமை கொட்டகை நிறைந்துவிட்டது. முதல் வரிசையில் துரை. பக்கத்தில் இன்ஸ்பெக்டர், மடியில் காகிதத்தின் நகல்.

செலஸ்தீன் சிலுவை போட்டுக்கொண்டாள். கர்த்தாவே, மானத்தைக் காப்பாற்று.

"லா லா லா."

பின்னாலிருந்து நானூறு பேர் எடுத்தார்கள்: "துரை வீட்டு வாத்து தினம் குளிக்குது."

அவளுக்கே தூக்கிவாரிப்போட்டது. "லா லா லா."

"எங்க வீட்டுப் புள்ளைக்கு முகங்கழுவத் தண்ணியில்ல."

இன்ஸ்பெக்டர் எழுந்தார். காகிதத்தைப் பார்த்தார். அவள் வாயைப் பார்த்தார். இரண்டும் ஒத்துப்போயின. யாரைப் பிடிப்பது என்று திரும்பினார். நடுவரிசையில் அவர் மனைவி கண்ணை மூடிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தாள்.

மெல்ல உட்கார்ந்தார். துரை தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை காலை குழாய் இருமியது, சீறியது, பிறகு கொட்டியது. செலஸ்தீன் முதல் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

"ஜெயித்துவிட்டோம் ஆசானே. இது உங்களுக்கு."

சிங்கம் கை நீட்டவில்லை. "துரை வீட்டுக் குளம்?"

"வற்றிப்போயிருக்கும்."

"அங்கே ஊற்றிவிட்டு வா. வாத்து என்னம்மா பண்ணும், பாவம்."